பதினாறு படிக்கும் ஒரே வெள்ளை

காலத்துக்கும் நிக்கும்மா, முப்பது வருசம் கழிச்சுப் பாத்தாலும் நேத்துப் போட்ட தரை மாதிரி இருக்கும், ஃபேஷன் மாறும், இது மாறாதுங்கிறாரு டைல்ஸ் கடைக்காரரு. இத்தோட ஆறாவது தடவ. ஜெபராஜுன்னு சட்டையில பேரு குத்தியிருக்கு, நேருக்கு நேரா இருக்கதால அது எனக்கு எழுத்துக்கு எழுத்து தெரியுது. அவரு கையில தூக்கிக் காட்டுற டைல்ஸும் தெரியுது, தந்த வெள்ளையாம், நாலடிக்கு ரெண்டடியாம், மேல வழவழன்னு மின்னுது. ஆனா என் வீட்டுக்காரரு இந்தப் பக்கம் நிக்கிறாகளா அந்தப் பக்கம் நிக்கிறாகளான்னுதான் தெரியல. டொக் டொக்குன்னு தட்டுற சத்தம் இடது பக்கம் கேக்குது, சரி, இங்கதான் இருக்காக. கரண்டு ஆபீசுல முப்பத்தோரு வருசம் இருந்த மனுசன், எதைக் கண்டாலும் தட்டிப் பாக்கணும், கல்யாணத்தன்னைக்கு என் தலையத் தட்டிப் பாக்காம விட்டதே பெருசு. முன்னெல்லாம் கண்ணைத் திருப்பினா போதும் எனக்கு. இப்பத் தலையத் திருப்பணும். அதையும் யாருக்கும் தெரியாமத் திருப்பணும், கழுத்து வலிக்கிறவ மாதிரி, முந்தானையச் சரி பண்றவ மாதிரி. நாடகக்காரி கெட்டா போ. எனக்குக் கண்ணு போய்க்கிட்டு இருக்குன்னு இந்த உலகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு நான். இன்னொண்ணு, நாப்பது நாளைக்கு முன்னாடி இதே மதுரையில என்னைப் பாத்த கண்ணு டாக்டரம்மா.

கண்ணுக்குள்ள இருக்க திரை ஓரத்துல இருந்து வீணாப் போய்க்கிட்டே வருதாம். மொதல்ல ராத்திரிப் பார்வை போகுமாம், பெறகு ரெண்டு பக்கத்துப் பார்வையும் போகுமாம், கடைசியில நடுவுல ஒரு ஓட்டை அளவு மிஞ்சுமாம், அதுவும் எத்தனை நாளைக்குன்னு சொல்ல முடியாதாம். மருந்து இல்ல, கண்ணாடி போட்டும் பிரயோசனம் இல்ல. நான் அழுகல. ரவிக்கைத் துணி எடுத்துட்டு வாரேன்னு வீட்டுல பொய் சொல்லிட்டுப் போயிருந்தேன், ஐயையோ இன்னும் துணி எடுக்கலையேன்னுதான் மொதல்ல ஓடுச்சு, என்ன புத்தியோ. அதோட அந்தம்மா விட்டுருந்தா பரவால்ல. பேனாவ மூடி வச்சுட்டு, உங்க அப்பா அம்மா சொந்தமாம்மான்னு கேட்டாக. ஆமா டாக்டர், எங்கப்பா எங்கம்மாவுக்கு அத்தை மகன்னு சொன்னேன், என்னமோ பரிசு வாங்குன பெருமையில. பிள்ளைக இருக்கான்னாக. ஒரே பொண்ணுன்னேன். அப்பத்தான் சொன்னாக. பொண்ணைச் சொந்தத்துல மட்டும் குடுத்துராதீங்க, முக்கியமா உங்க பெறந்த வீட்டுப் பக்கம் வேண்டாம், ரெண்டு பக்கமும் இது ரத்தத்துல ஒளிஞ்சிருந்தா பெறக்கிற பிள்ளைக்குக் கண்ணு போயிரும், வெளியில குடுத்தா அந்தப் பயம் இல்லன்னாக. சரி டாக்டர் சரி டாக்டர்னு தலைய ஆட்டிட்டு எந்திரிச்சு வந்தேன். அதுக்கு அஞ்சு நாளைக்கு முன்னாடிதான் எங்க அண்ணன் மகன் ராஜகுருவுக்கு என் மக அபிநயாவ நிச்சயம் பண்ணித் தட்டு மாத்தியிருந்தோம்.

அந்தக் கல்யாணத்துக்குத்தான் இந்தத் தரை. ஆவணி பத்தொன்பது முகூர்த்தம். ராஜகுரு சாத்தூர்ல இருந்து தினம் பஸ்ஸுல எங்க ஊருக்கு, அருப்புக்கோட்டைக்கு, மில்லு ஆபீசு வேலைக்கு வந்து போறவன், கல்யாணம் முடிஞ்சா ரெண்டு பேரும் எங்க வீட்டு மாடியிலயே இருக்கட்டும்னு பேச்சு. அதுனால மாடி ரூமு, கீழ எல்லாரும் உக்கார்ற பட்டாசாலை, நடுவுல படிக்கட்டு, எல்லாத்தையும் பேத்துப் போட்டாச்சு. கொத்தனாரு நாளைக்குக் காலையில வந்து நிப்பாரு, இன்னைக்கு டைல்ஸு முடிவாகணும். இந்தா இங்க பாருன்னு இவுக, என் வீட்டுக்காரரு, கூப்பிடுறாக. கடைக்குள்ளயே ஒரு மாதிரிப் படிக்கட்டு கட்டி வச்சுருக்காக. படிக்கும் இதே வெள்ளை, படியோட முகப்புக்கும் இதே வெள்ளை, பக்கத்துச் சுவருக்கும் இதே வெள்ளை, ஒரே நிறமா ஓடினா வீடு பெருசாத் தெரியும் சார்ங்கிறாரு ஜெபராஜு. தெரியும்ல, தெரியிறவுகளுக்கு. எனக்கு அங்க படியே இல்ல. சுவத்துல சாத்தி வச்ச வெள்ளைப் பலகை ஒண்ணு இருக்கு, அதுக்கு மேல டியூப் லைட்டு வெளிச்சம் வழியுது. எங்க வீட்டுல மொத்தம் பதினாறு படி. போன வாரம் பொழுதடைஞ்ச நேரத்துல மூணாவது படியில இருந்து விழுந்தேன், வெறும் சிமிண்டுப் படிதான், அதுலயே விழுந்தேன். சேலை தடுக்கிருச்சுன்னேன். இவுக தைலத்தத் தேய்ச்சு விட்டுக்கிட்டே, வயசானா நிதானமா நடக்கப் பழகுன்னு ஒரு பாட்டம் திட்டுனாக. எனக்கு வயசு அம்பத்திரெண்டு.

படி விளிம்புக்கு மட்டும் கறுப்பா ஒரு பட்டை வச்சுட்டா போதும். ஒரு விரக்கடை அகலம். அதை வச்சுக்கிட்டு இன்னும் கொஞ்ச வருசம் ஓட்டிருவேன். பளபளப்பு இல்லாத, சொரசொரன்னு கால் பிடிக்கிற கல்லா இருந்தா அடியெடுத்து வைக்கத் தைரியமா இருக்கும். அம்புட்டுத்தான் நான் கேக்குறது, என்ன தங்கத்துலயா கேக்குறேன். ஆனா ஏன்னு கேப்பாகளே. காரணத்துக்கு எங்க போறது. ராத்திரி எல்லாம் யோசிச்சு வச்சுருந்த பொய்ய மெதுவா எடுத்து விட்டேன், படி ஓரத்துல கறுப்பு வச்சா காலழுக்கு தெரியாது பாருங்கன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கல, கடன் வாங்க வந்தவ குரல் மாதிரி இருந்துச்சு. கல்யாண வீட்டுல கறுப்பா, உனக்கு என்ன கிறுக்கு பிடிச்சிருச்சா, உங்கண்ணன் வந்து பாத்தா என்ன நினைப்பாருன்னு இவுக சிரிக்கிறாக. ஜெபராஜும் சிரிக்கிறாரு. கறுப்புப் பட்டை எல்லாம் இப்பப் பழைய மாடலும்மா, ரயில்வே ஸ்டேஷன் மாதிரி ஆயிரும், இன்னும் பத்து வருசத்துல பேத்துப் போடணும்னு தோணிரும், இந்த வெள்ளைன்னா காலத்துக்கும்ங்கிறாரு. ஏழாவது தடவ. இந்தாளுக்கு யாரு அந்த வார்த்தையச் சொல்லிக் குடுத்தது. முப்பது வருசம் இந்தத் தரை மாறாது, சரி, ஒத்துக்கிறேன். அது மேல நடக்கப் போறவுகளுக்கு என்ன கேரண்டி குடுப்பாரு.  அழுக்குன்னு சொன்னதுக்குப் பதிலா வேற என்னமாவது சொல்லியிருக்கலாம், வழுக்கும்னு சொல்லியிருக்கலாம். இப்பச் சொன்னா சந்தேகம் வரும். மொதல்ல அழுக்குன்னா, இப்ப வழுக்கும்ங்கிறா, இவளுக்கு என்ன ஆச்சுன்னு மூஞ்சியப் பாப்பாக.

கண்ணு போறது கூடப் பெருசில்ல, நெசமாச் சொல்றேன். எனக்கு நானே பொய் சொல்ல மாட்டேன், மத்தவுகளுக்குத்தான் சொல்வேன். போனாப் போகுது, அம்பத்திரெண்டு வருசம் பாத்தாச்சு. இந்தப் பட்டை வேணும்னு அடம்பிடிச்சா கண்ணு விசயம் வெளிய வரும். கண்ணு விசயம் வந்தா டாக்டரம்மா சொன்ன அடுத்த விசயமும் வரும். அது வந்தா கல்யாணம் நிக்கும். அபி மொதல் பிறந்தநாளுக்கு எங்கண்ணன் வெள்ளிக் கொலுசு கொண்டாந்து அவரு கையாலயே மாட்டி விட்டு, இது எங்க வீட்டு மருமக, வேற எவனும் வாசப்படி மிதிக்கப்படாதுன்னு சொன்னாரு. அப்பா போனப்போ எனக்குப் பதிமூணு வயசு, தகப்பனா நின்னு என்னைக் கரையேத்துனது அவருதான். அதே அண்ணனோட ஆறு வருசம் பேச்சு வார்த்தை இல்லாம இருந்தேன். ஒண்ணுமில்ல, அம்மா சாவுக்கு எங்க வீட்டுக்காரருக்குச் சரியா மரியாதை பண்ணலைன்னு இவுக கோபிச்சாக, நான் இவுக பக்கம் நின்னேன், மதினி ஒரு வார்த்தை சொன்னாக, நான் நாலு சொன்னேன். ஆறு தீபாவளி. அருப்புக்கோட்டைக்கும் சாத்தூருக்கும் எம்புட்டுத் தூரம், ஒரு மணி நேரம் பஸ்ஸு. தை மாசம் ஒரு நாள் அண்ணன் வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, தாயி, நான் பொண்ணு கேட்டு வந்துருக்கேன், உள்ள கூப்பிடுவியான்னாரு. சண்முகத்தாயின்னு யாரு முழுசாக் கூப்பிட்டாலும் அண்ணன் கூப்பிடுற தாயிங்கிற பேருலதான் நான் உசுரோட இருக்க மாதிரி இருக்கும். அவரு கிட்டப் போயி உன் ரத்தம் வேண்டாம் அண்ணேன்னு நான் எப்படிச் சொல்வேன். என் ரத்தம்தானே அது.

பிள்ளைக ரெண்டும் உசுரா இருக்குதுக, அது வேற. பெரியவுக சண்டை போட்ட ஆறு வருசமும் இதுக ரெண்டும் போன்ல பேசிக்கிட்டேதான் இருந்துருக்கு, நிச்சயத்துக்குப் பெறகுதான் எங்களுக்கே தெரியும். இப்பக் கூட பாரு, எங்க கூட வந்த அபி அந்தப் பக்கம் நின்னு டைல்ஸ போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பிக்கிட்டு இருக்கா, சிரிக்கிற சத்தம் கேக்குது. நான் சும்மா இருக்கல. டாக்டர்ட்ட இருந்து வந்த மூணாம் நாள் பொழுதடைய லைட்டெல்லாம் அமத்திட்டுக் கரண்டு போச்சுடின்னு கத்துனேன், கம்மல் திருகு கீழ விழுந்துருச்சு தேடிக் குடுன்னேன். நானே போட்டதுதான். ஒரு நிமிசத்துல தேடி எடுத்துக் குடுத்தா. அப்பாடான்னு அடுப்படியில போயி உக்காந்து அழுதேன், மொத அழுகை அதுதான். அவளுக்கு இல்ல. ராஜகுருவுக்கும் ஒண்ணும் இல்ல, நெடுநெடுன்னு வளர்ந்து, பத்திரிகை எழுத்துக் கணக்கா எழுதுறான், கணக்குப் புலி. ரெண்டுக்கும் இல்லாதது பேரப்பிள்ளைக்கு எங்கிட்டிருந்து வரும். ஊரெல்லாம் சொந்தத்துலதான் கட்டுது, எங்க தெருவுலயே எத்தனை பேரு அக்கா மகளக் கட்டி அருமையா இருக்காக. டாக்டருக சொல்றது எல்லாம் நடந்துருதா, எங்க சித்தப்பாவ மூணு மாசம்னாக, பதினோரு வருசம் இருந்து எல்லாரையும் படுத்தி எடுத்துட்டுத்தான் போனாரு. இப்படி நாப்பது நாளாச் சொல்லிச் சொல்லி என்னைத் தேத்திக்கிறேன். பல்லு விளக்கும்போது தேறிருவேன். நான் வேலை பாக்குற பள்ளிக்கூடத்துல சத்துணவுக்கு அரிசி அளந்து போடும்போது, பிள்ளைக தட்டைத் தூக்கிக்கிட்டு வரிசையில வரும்போது, ஒவ்வொண்ணும் என்னை அண்ணாந்து பாக்கும்போது, அத்தனையும் அழிஞ்சு போயிரும். ஒண்ணொண்ணுக்கும் ரெண்டு கண்ணு.

அடக் கடவுளே, இடிச்சுட்டேன். முழங்கால் உசரத்துக்குக் குழாயும் வாஷ்பேசினும் அடுக்கி வச்சுருந்த பலகை, எங்கிட்டிருந்து வந்துச்சோ, என் காலுக்கு நேரா வந்து நின்னுச்சு. சடசடன்னு என்னமோ உருண்டு ஓடுது. பரவால்லம்மா பரவால்லம்மான்னு ஜெபராஜு ஓடி வந்து பொறுக்குறாரு, நடு வழியில வச்சது எங்க தப்புங்கிறாரு. நடு வழியில இல்ல, ஓரமாத்தான் இருந்துருக்கும், எனக்குத்தான் ஓரம்னு ஒண்ணு கிடையாதே. மூஞ்சி எல்லாம் சூடாயிருச்சு. எங்க பாத்து நடக்குற, ஆகாயத்தப் பாத்தான்னு இவுக கேக்குறாக. ஆமா ஆகாயத்தத்தான் பாத்தேன், உங்களைக் கட்டுன நாள்ல இருந்து அதைத்தான் பாக்குறேன்னு பட்டுன்னு சொல்லிட்டேன், எல்லாரும் சிரிச்சுட்டாக. வாய் இருந்தாப் பொழைச்சுக்கலாம். அபி மட்டும் சிரிக்கல. வந்து என் முழங்கையப் பிடிச்சுக்கிட்டா. அடிபட்டுருச்சாம்மான்னு கேக்குறா. இல்லடின்னேன். அந்தக் கைய விடாம இருக்கணும் போலவும் இருக்கு, உதறி விடணும் போலவும் இருக்கு. இவளுக்குத் தெரிஞ்சிருச்சோ. இல்ல, தெரிஞ்சா இப்படி மெல்லமாப் பிடிக்க மாட்டா. சொல்லிருவோமா. இப்பவே, இந்தக் குழாய்க்கு நடுவுல நின்னுக்கிட்டே, அபி ஒரு நிமிசம் வாடின்னு. நாக்கு வரைக்கும் வந்துச்சு. இன்னைக்கு வேண்டாம், முகம் எம்புட்டுச் சந்தோசமா இருக்கு, நாளைக்குச் சொல்வோம். நாப்பது நாளும் நாளைக்குத்தான்.

அவ என்னை நடத்திக் கூட்டிக்கிட்டு வந்து அந்த வெள்ளை டைல்ஸுக்கு முன்னாடி நிறுத்துறா. அம்மா, எனக்கு இதுதாம்மா பிடிச்சிருக்கு, அத்தானும் இதையே எடுக்கச் சொல்லிட்டாருங்கிறா. அழுக்குப் பிடிச்சா நான் துடைச்சுக்கிறேன், நீ ஏன் கவலப்படுறங்கிறா. பெறகு குரலத் தணிச்சுக்கிட்டு, வெக்கப்பட்டுக்கிட்டு, வெள்ளைத் தரைன்னா எறும்பு, குண்டூசி எல்லாம் பளிச்சுன்னு தெரியும்லம்மா, நாளைக்குப் பிள்ளை தவழ்ந்தா பயம் இல்லைலங்கிறா.  அந்தப் பிள்ளைய நான் பாக்குறேன், இந்த வெள்ளைத் தரையில, நடுப்பகல்ல தவழ்ந்து வருது. மூணு வயசு வரைக்கும் ஒண்ணும் தெரியாது, எல்லாப் பிள்ளையும் போலத்தான் ஓடும். அஞ்சு வயசுல சாயங்காலமானா சுவரப் பிடிக்கும். ஏழு வயசுல பந்து பிடிக்கத் தெரியலைன்னு கூட விளையாடுற பிள்ளைக கேலி பண்ணும். பெறகு ஒரு நாள் அவுக அம்மா கையப் பிடிச்சுக்கிட்டுப் போயி ஒரு டாக்டரம்மாட்ட உக்காரும், அவுக பேனாவ மூடி வச்சுட்டு, உங்க அப்பா அம்மா சொந்தமான்னு கேப்பாக. அப்ப நான் எங்க இருப்பேன். கட்டில்ல உக்காந்துருப்பேன் கண்ணு தெரியாத கிழவியா, எனக்கு அன்னைக்கே தெரியும்னு சொல்ல வாயில்லாம. சே, இருக்காது. இருக்கவே இருக்காது. நூத்துல ஒண்ணுக்கு வரும் போல, அந்தம்மா பயமுறுத்துனாக. வரும்னாகளா, வரலாம்னாகளா. வந்துரும்னாக. இருந்தா வந்துரும்னாக. இருந்தாங்கிறது எம்புட்டுப் பெரிய வார்த்தை, அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுத்தான் நாப்பது நாளா மூச்சு விடுறேன்.

எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டேன். என் வாயாலதான் சொன்னேன். வெள்ளையே எடுங்க, படிக்கும் அதையே போடுங்க, பிள்ளை ஆசைப்படுதுன்னு சொன்னேன். இவுக முதுகுல தட்டுனாக, இப்பத்தான் நீ சண்முகத்தாயின்னாக. சரி, போகட்டும். பதினாறு படி, எண்ணிக்கிட்டு ஏறுவேன், எண்ணிக்கிட்டு எறங்குவேன். எட்டாவது படியில திருப்பம், அங்க சுவரு எடது கைக்கு எட்டும். வலது கைக்குக் கைப்பிடி. பட்டாசாலையில இருந்து அடுப்படிக்குப் பதினொரு எட்டு. வீட்டை முழுசா மனசுல கட்டி வச்சுக்குவேன், யாருக்கும் தெரியாது, ஒரு நாள் முழுசா இருட்டும் போதும் நான் பாட்டுக்கு வெங்காயம் அரிஞ்சுக்கிட்டு இருப்பேன். அபிக்குப் பிள்ளை பெறக்கட்டும், நல்லாத்தான் பெறக்கும், ராஜகுரு நல்ல ரத்தம். கல்யாணம் முடிஞ்சு சொல்லிக்கிடலாம், என் கண்ணை மட்டும் சொல்லிக்கிடலாம், மத்ததைச் சொல்லணும்னு என்ன இருக்கு. ஜெபராஜு எங்களை மேசைக்குக் கூட்டிட்டுப் போயி மூணு நாற்காலி எடுத்துப் போடுறாரு. மோரு கொண்டாந்து வைக்கிறாக. பில்லு போட்டுட்டா உடனே படி அளவுக்கு வெட்ட அனுப்பிருவோம் சார், வெட்டுன கல்லைத் திருப்பி எடுக்க மாட்டோம், ஒரு தடவை நல்லா யோசிச்சுக்கங்கங்கிறாரு. யோசிச்சாச்சு, போடுங்கன்னு இவுக சொல்றாக. நான் மோரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்துருக்கேன்.

அப்பத்தான் அபி அவுக அப்பாட்டக் கேக்குறா. அப்பா, எங்க ரூமுல இருந்து படி வரைக்கும், பெறகு படியிலயும், சுவத்துல கீழ்ப்பக்கமா ராத்திரி பூரா எரியிற மாதிரி சின்னச் சின்ன லைட்டு வைக்கணும்பா, டைல்ஸு ஒட்டுறதுக்கு முன்னாடியே ஒயர இழுத்துருங்கங்கிறா. இவுக கரண்டு ஆபீசுக்காரர்ல, ராப்பூரா லைட்டா, எதுக்கு, என்ன கல்யாண மண்டபமான்னு கேக்குறாக. அத்தானுக்காகப்பான்னா.

"அத்தானுக்கு இருட்டுல சுத்தமாத் தெரியாதும்மா," என்னைப் பாத்துத்தான் சொன்னா. "தியேட்டருக்குள்ள என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வருவாரு. என் கையைப் பிடிக்கிறதுக்குச் சாக்கு சொல்றாருன்னுதான் நான் நினைச்சேன்."

சிரிச்சா. இவுகளும் சிரிச்சாக. ஜெபராஜு கூட கம்ப்யூட்டர்ல இருந்து தலைய நிமித்திச் சிரிச்சாரு. எத்தனை நாளாடின்னு கேட்டேன். சின்னதுல இருந்தேம்மா, மாலைக்கண்ணுன்னு அத்தை வாரம் மூணு நாளு பொன்னாங்கண்ணிக் கீரையா ஆக்கிப் போடுறாங்க, இப்பக் கொஞ்ச நாளாப் பக்கத்துல வர்ற வண்டி கூடத் தெரியலைன்னு பைக்க வித்துட்டாரு, யாருட்டயும் சொல்லாதன்னாரு, நான் உளறிட்டேங்கிறா. பஸ்ஸுல வந்து போறான் பாவம்னு நினைச்சேனே. எங்க வீட்டுக்கு வந்தா பொழுது சாயுறதுக்குள்ள கெளம்பிருவான், ஊரு சுத்தாத பிள்ளைன்னு தெருவெல்லாம் பெருமை பேசுனேனே. அண்ணனும் மதினியும் அங்க ஒளிச்சு வச்சுருக்காக, நான் இங்க ஒளிச்சு வச்சுருக்கேன். ரெண்டு வீட்டுலயும் லைட்ட அமத்திட்டுப் பிள்ளைகளக் கட்டி வைக்கப் பாத்துருக்கோம். இருந்தாங்கிற அந்த ஒரு வார்த்தை போயிருச்சு. இனிமே ஒளிஞ்சுக்கிற இடம் இல்ல. பெறக்கப் போறதுக்கு ரெண்டு பக்கமும் வழி அடைச்சாச்சு.

"பில்லு போடாதீங்க தம்பி," அப்படின்னேன்.

குரலு நானே நினைக்காத சத்தத்துல வந்துருச்சு. இவுக என்னங்கிறாக. நான் அபி பக்கம் முழுசாத் திரும்பி உக்காந்தேன், தலைய மட்டும் இல்ல, உடம்போட திரும்புனேன், அவ முகம் பூரா எனக்குத் தெரியிற மாதிரி. அவ கைய எடுத்து என் கைக்குள்ள வச்சுக்கிட்டேன். "அபி, அது மாலைக்கண்ணு இல்லடி. கீரையில போறது இல்ல. எனக்கும் அதேதான், எனக்குக் கண்ணு போய்க்கிட்டு இருக்கு." அதுக்கு மேல நிறுத்தல, நிறுத்துனா மறுபடி நாளைக்குன்னு ஆயிரும். ரவிக்கைத் துணியில இருந்து ஆரம்பிச்சேன். டாக்டரம்மா பேனாவ மூடுனது, கேட்டது, சொன்னது, அஞ்சு நாளைக்கு முன்னாடி தட்டு மாத்துனது, லைட்ட அமத்திட்டுத் திருகாணி தேடச் சொன்னது, மூணாவது படியில விழுந்தது, கறுப்புப் பட்டை, எல்லாத்தையும் கொட்டிட்டேன். பெறக்கப் போற பிள்ளையப் பத்தி அவுக சொன்னதையும் சொல்லிட்டேன். ஜெபராஜு மெதுவா எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிட்டாரு, நல்ல மனுசன்.  இடது பக்கம் தட்டுற சத்தம் நின்னு போச்சு, இவுக இருக்காகளா போயிட்டாகளான்னு திரும்பிப் பாத்தேன், இருந்தாக, வாயப் பொத்திக்கிட்டு இருந்தாக. அபி என்னைத் திட்டுவான்னு பாத்தேன். நாப்பது நாளா ஏம்மா சொல்லலைன்னு கேப்பான்னு பாத்தேன். அவ அதைக் கேக்கல. என் கைக்குள்ள அவ கை வெறைச்சுப் போயிக் கெடந்துச்சு.

"அத்தான்ட்ட யாரும்மா சொல்றது?" அப்படின்னா. "அவருக்குத் தெரியாதும்மா. கல்யாணத்துக்குள்ள சரியாயிரும்னு நம்பிக்கிட்டு இருக்காரு."

அவனை நான் நினைக்கவே இல்ல. பேரப்பிள்ளைய நினைச்சேன், அண்ணனை நினைச்சேன், என்னை நினைச்சேன். கீரையத் தின்னுக்கிட்டு ஆவணிய எண்ணிக்கிட்டு இருக்கானே அந்தப் பிள்ளைய நினைக்கல. அவன்ட்டப் போயி கல்யாணமும் இல்ல, கண்ணும் இல்லன்னு ஒரே மூச்சுல யாரு சொல்வா. அவனோட அப்பாவால முடியாது, இவளால முடியாது. இன்னும் எம்புட்டு நாள் தெரியும், எது எது மொதல்ல போகும், எப்படி எட்டு வச்சு நடக்கணும், அதை அவனுக்குச் சொல்லத் தெரிஞ்சவ இந்தக் குடும்பத்துல நான் ஒருத்திதான் இருக்கேன். மோரை மேசையில வச்சேன், தடவிப் பாத்துத்தான் வச்சேன், இனிமே யாருக்கு ஒளிக்கணும். எந்திரிச்சேன். அபி அழுகிறா, இப்பத்தான் அழுக ஆரம்பிக்கிறா. இவுகளைப் பாத்து, காரை எடுங்க, சாத்தூருக்குப் போவோம், இன்னைக்கே போயிருவோம்னேன். இவுக சாவிய எடுத்தாக. பெறகு என் பக்கத்துல வந்து, வாசல்ல மூணு படி இருக்கு, நிதானமா வான்னாக.